வீட்டுக்கு வந்த பறவைகள்

1806 என்றதும் நமக்கு வேலூர்க் கோட்டைதான்: விலங்குத் தோல் வைத்த புதுத் தலைப்பாகை, எழுந்த சிப்பாய்கள், சுட்டுக் கொல்லப்பட்டவர்கள். அதே ஆண்டு சென்னையில் எலிசபெத் குவில்லிம் பறவைகளை வரைந்துகொண்டிருந்தார்.

கணவர் உச்ச நீதிமன்ற நீதிபதியானதால் 1801இல் இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டிலிருந்து தங்கை மேரியோடு வந்தவர். இந்த மண்ணின் பறவைகள் எல்லாமே அவருக்குப் புதிது. இன்று நாம் தொலைநோக்கியோடு ஏரிக்கரைக்குப் போகிறோம். அவரிடமோ பறவை வந்தது. பறவை பிடிப்பவர்கள் உயிரோடு கொண்டுவந்ததை முன்னால் வைத்து இறகு இறகாக வரைந்தார், பெரிய பறவைகளையும் அசல் அளவிலேயே. அவர்கள் வலையும் கண்ணும் இல்லாமல் இந்தப் படங்கள் இல்லை. ‘தனி மேதை’ என்று எழுதக் கை வருவதில்லை. ஆனாலும் அமெரிக்கப் பறவைகளை உயிரளவில் அச்சிட்டுப் புகழ்பெற்ற ஆடுபோன் அந்த வேலையைத் தொடங்கியது 1827இல்தான்.

எலிசபெத் தெலுங்கும் படித்தார். 1807 டிசம்பரில், 44 வயதில், சென்னையிலேயே இறந்தார். கணவர் ஆளுநரோடு மோதிய கதை ஆவணங்களில் நின்றது. அவர் படங்களோ 1924இல், லண்டனில் கேசி வுட் என்ற கண் மருத்துவர் வாங்கும்வரை கட்டிக் கிடந்தன. அந்த 121 பறவைப் படங்கள் இப்போது மாண்ட்ரியலில், மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.