நூல்கள் வந்த வழி

1931-ஆம் ஆண்டில் நான்கு காரியங்கள் நடந்தன. சென்னையில் எஸ்.ஆர். ரங்கநாதன் நூலக அறிவியலின் ஐந்து விதிகளைப் பற்றிய தன் நூலை வெளியிட்டார். மன்னார்குடிப் பக்கம் ஒரு மாட்டுவண்டி புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமங்களுக்குக் கிளம்பியது. பெரியாரின் ‘குடி அரசு’ அக்டோபர் மாதத்தில் மார்க்ஸும் எங்கெல்ஸும் எழுதிய கம்யூனிஸ்ட் அறிக்கையைத் தமிழில் அச்சிடத் தொடங்கியது. மாஸ்கோவில் அயல்நாட்டுத் தொழிலாளர்களுக்கான ஒரு கூட்டுறவுப் பதிப்பகம் உருவானது. அதன் வாரிசுதான் பின்னாளில் ‘முன்னேற்றப் பதிப்பகம், மாஸ்கோ’ என்ற பெயரோடு தமிழ் வீடுகளின் புத்தக அலமாரிகளுக்கு வந்து சேர்ந்தது.

நல்ல புத்தகங்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு இந்த நான்கும் நினைவுக்கு வரும். வழக்கமாக இந்தக் கேள்விக்கு நாம் தரும் பதில் ஒரு பட்டியல். சிறந்த நூறு நாவல்கள், சாகும் முன் படிக்க வேண்டிய ஐம்பது நூல்கள், இந்தப் புத்தகக் கண்காட்சியில் வாங்க வேண்டிய இருபது. பட்டியல் போடுவது தவறில்லை, நானும் போட்டிருக்கிறேன். ஆனால் பட்டியலில் இருக்கும் புத்தகம் ஒருவர் கைக்கு வந்து சேர வேண்டுமே, அது எப்படி நடக்கிறது? இந்தப் பக்கத்தை இலக்கிய வரலாறுகள் பெரும்பாலும் எழுதுவதில்லை. காகித விலை, மானியம், வண்டி, வரி, ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு பழைய புத்தகக் கடை என்று அந்த வரலாறு வேறு மாதிரி இருக்கும்.

ரங்கநாதனிடமிருந்து தொடங்கலாம். சீர்காழியில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். வேலை பிடிக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறதே என்று மறுபடியும் கணிதத்துக்கே போய்விடப் பார்த்தார். பயிற்சிக்காக லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்தவர் வேறு மனிதராகத் திரும்பினார். ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் ஒன்று இருக்கிறது என்பது அவருடைய இரண்டாம் விதியின் சாரம். மூன்றாம் விதி அதைத் திருப்பிப் போடுகிறது. ஒவ்வொரு நூலும் தனக்கான வாசகரைக் காத்திருக்கிறது, அவரைத் தேடிக் கொண்டுவந்து சேர்ப்பது நூலகத்தின் கடமை.

கேட்க எளிமையாக இருக்கிறது, நடைமுறையில் பெரிய சண்டை. நூலகம் என்றால் பூட்டிய பீரோ, நடுவில் ஒரு மேசை, சீட்டில் எழுதிக் கொடுத்தால் ஊழியர் எடுத்து வந்து தருவார் என்பதே அன்றைய பழக்கம். அந்த முறையில் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த புத்தகத்தை மட்டும்தான் கேட்க முடியும். தெரியாத புத்தகத்தை எப்படிச் சீட்டில் எழுதுவது? ரங்கநாதன் பீரோவைத் திற, வாசகரை அலமாரிக்கு நடுவே நடக்க விடு என்றார். நடக்க விட்டால் மட்டும் போதாது, அலமாரியை எப்படி அடுக்குவது என்பதற்கும் அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. வாசகர் தேடி வந்த பொருள் நடுவில், முழு நிழல் போல. அதன் இரண்டு பக்கமும் ஓரளவு தொடர்புடையவை, அரைநிழல் போல. அதற்கும் அப்பால் இரு முனைகளிலும் அந்நியமானவை. வாசகர் அந்நியத்தின் வழியாக நடந்து உள்ளே வந்து, அந்நியத்தின் வழியாகவே வெளியே போகிறார். மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு இந்த அடுக்குமுறை பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. இதற்குக் கடைசியில் மறுபடி வருகிறேன்.

1948-ல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை இயற்றியது. சுதந்திர இந்தியாவில் இந்த வகையில் முதல் சட்டம் அதுதான். சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்க வழிவகுத்தது. இன்றைக்கும் தமிழ்ப் பதிப்பாளர் இருவர் சந்தித்தால் “இந்த வருஷம் லைப்ரரி ஆர்டர் வருமா?” என்ற பேச்சு வராமல் இருக்காது. அந்தப் பேச்சின் வேர் இங்கே இருக்கிறது.

அடுத்து மாஸ்கோ. 1951-ல் சென்னையில் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் தொடங்கப்பட்டது. சோவியத் நூல்கள் தமிழ்நாட்டுக்குள் வந்த முக்கிய வாசல் அது. 1953-ல் இந்தியாவும் சோவியத் யூனியனும் ஒரு வர்த்தக ஒப்பந்தம் செய்துகொண்டன. கணக்கு ரூபாயில் தீர்க்கப்பட்டது. அந்நியச் செலாவணிக்குத் திண்டாடிய நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. லண்டனிலும் நியூயார்க்கிலும் அச்சான புத்தகம் எட்டாத விலையில் இருந்தபோது, மாஸ்கோவில் அச்சான கெட்டி அட்டைப் புத்தகம் சில ரூபாய்க்குக் கிடைத்தது. அதுவும் தமிழில். தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் மாஸ்கோவுக்கே போய்த் தங்கி வேலை செய்தார்கள். டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’, தஸ்தயேவ்ஸ்கியின் ‘வெண்ணிற இரவுகள்’ இரண்டும் ரா. கிருஷ்ணையாவின் தமிழில் வந்தவை. பூ. சோமசுந்தரம், நா. தர்மராஜன் என்று அந்த வரிசை நீளும்.

இந்த நூல்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ரஷ்ய இலக்கியத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். என் கவனம் வேறொன்றில். பதிப்பகத்தின் வேன் ஓர் ஊருக்கு வந்து நின்றால் அதில் என்னென்ன இருக்கும்? லெனினின் ‘அரசும் புரட்சியும்’ இருக்கும். பக்கத்தில் டால்ஸ்டாய். குழந்தைகளுக்கான வண்ணப்பட நூல்கள், ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’ மாதிரி சிரிக்கச் சிரிக்கப் படிக்கக்கூடிய கதைகள். மீர் பதிப்பகத்தின் அறிவியல் நூல்கள், பெரெல்மானின் ‘பொழுதுபோக்கு பௌதிகம்’. ஆங்கிலத்தில் பிஸ்குனோவின் நுண்கணிதம், இரோதவின் இயற்பியல் கணக்குகள். ஐ.ஐ.டி. நுழைவுத்தேர்வுக்குப் படித்தவர்களிடம் இரோதவ் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள், ஒரு பெருமூச்சாவது வரும்.

ஒரே வண்டி, ஒரே மாதிரி மலிவு விலை. பையனுக்குக் கணக்குப் புத்தகம் வாங்க வந்த அப்பா கையில் ஒரு நாவலோடு திரும்பலாம். அரசியல் நூல் வாங்க வந்த தொழிற்சங்கக்காரர், விலையைப் பார்த்துவிட்டு “இதையும் போடுங்க தோழர், பாப்பாவுக்கு ஆச்சு” என்று படக்கதை ஒன்றையும் சேர்த்து வாங்கலாம். புனைவு, பாடநூல், அரசியல், சிறார் நூல் ஆகிய நான்கையும் ஒரே சாக்கில் கட்டிக் கொண்டுவந்த இன்னொரு வழி தமிழில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ரங்கநாதன் அலமாரியின் முனையில் வைத்த அந்நியம், வேனில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

எதிர்த் தரப்பும் சும்மா இருக்கவில்லை. பிரிட்டிஷ் அரசு இ.எல்.பி.எஸ். என்ற திட்டத்தின் கீழ் கல்லூரிப் பாடநூல்களை மலிவு விலையில் அனுப்பியது. அமெரிக்க மானியத்தில் தமிழ் மொழிபெயர்ப்புகளும் வந்தன. பனிப்போரில் இரு தரப்பும் நம் மனதைப் பிடிக்கப் போட்டிபோட்டன. நமக்கு மிச்சமானது மலிவுப் புத்தகம்.

காமிக்ஸ் வந்த வழி முற்றிலும் வேறு. அதற்கு எந்த அரசாங்கமும் மானியம் தரவில்லை. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியது. முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. 1962-ல் இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ இதழில் தோன்றிய பாத்திரம் பத்தாண்டு கழித்துத் தமிழ் பேசியது. ஏன் சிவகாசி? தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடித்துப் பழகிய அச்சகங்கள் அங்கே இருந்தன. காலண்டர் வாங்க இந்தியா முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். படம் அச்சடிப்பதில் தேர்ந்த ஊரில் படக்கதை பிறப்பது இயல்பு. 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது. பிரிட்டிஷ் துப்பறிவாளர்களோடு இத்தாலியின் டெக்ஸ் வில்லரும் பெல்ஜியத்தில் உருவான லக்கி லூக்கும் தமிழ்ப் பையன்களின் கூட்டாளிகளானார்கள்.

காமிக்ஸுக்கு நூலகத்தில் மரியாதை கிடையாது, பள்ளிக்கூடத்தில் பறிமுதல்தான். ஆகவே அது பெட்டிக்கடை, பேருந்து நிலையம், வாடகை நூலகம், பழைய புத்தகக் கடை என்று தனக்கென்று ஒரு பாதை போட்டுக்கொண்டது. சென்னையில் அந்தப் பாதையின் பெரிய சந்திப்பு மூர் மார்க்கெட். 1985-ல் தீயில் எரிந்துபோகும்வரை, சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகே இருந்த அந்தக் கட்டடத்தில் எதுவும் கிடைக்கும். பழைய கடையின் அழகே அதுதான். கடைக்காரர் எடை பார்த்துப் புத்தகம் வாங்குகிறார். வகை பிரிக்க அவருக்கு நேரமில்லை. மருத்துவப் பாடநூலுக்குக் கீழே மாயாவி, மாயாவிக்குக் கீழே மாக்சிம் கார்க்கி. வேனில் திட்டமிட்டு நடந்தது இங்கே திட்டமில்லாமல் நடந்தது.

இதையெல்லாம் ஒரு பொற்காலமாக நினைத்து ஏங்கிவிட வேண்டாம். ஒவ்வொரு வழிக்கும் ஒரு காவல்காரர் இருந்தார்.

‘குடி அரசு’ அறிக்கையை அச்சிட்ட காலம் பிரிட்டிஷ் ஆட்சியின் காலம். அடுத்த சில ஆண்டுகளில் பகத்சிங்கின் ‘நான் ஏன் நாத்திகன்?’ கட்டுரையை ஜீவானந்தம் தமிழாக்கினார். அது புத்தகமாக வந்ததும், மொழிபெயர்த்த ஜீவாவும் வெளியிட்ட ஈ.வெ. கிருஷ்ணசாமியும் கைதானார்கள். இன்று எந்தப் புத்தகக் கண்காட்சியிலும் பத்து இருபது ரூபாய்க்கு அள்ளிக்கொள்ளக்கூடிய ஒரு சிறு நூல், ஒரு காலத்தில் சிறைக்கு வழி. அரசியல் செவ்வியல் நூல்கள் நமக்கு இலவசமாக வரவில்லை, யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள்.

மாஸ்கோ வழியின் காவல்காரர் இன்னும் நுட்பமானவர். அவர் தடை செய்வதில்லை, வண்டியில் ஏற்றாமல் விட்டுவிடுவார். பாஸ்டர்நாக்கின் ‘டாக்டர் ஷிவாகோ’ 1957-ல் இத்தாலியில்தான் வெளியாக முடிந்தது. சோவியத் நாட்டில் அச்சாக 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படியென்றால் மாஸ்கோவிலிருந்து தமிழுக்கு எப்படி வரும்? டிராட்ஸ்கி வரவில்லை, சோல்செனிட்சினின் பிற்கால நூல்களும் வரவில்லை. தஸ்தயேவ்ஸ்கியின் பெரிய நாவல்கள் பலவற்றை முழுமையாகத் தமிழில் படிக்க 2000-க்குப் பிறகு எம்.ஏ. சுசீலா போன்றவர்களின் தனிமனித உழைப்பு வேண்டியிருந்தது. ஒரு தலைமுறைத் தமிழ் வாசகரின் மனதிலிருந்த ரஷ்யா, மாஸ்கோ அலுவலகம் ஒன்றில் தேர்ந்தெடுக்கப்பட்ட ரஷ்யா. அதைப் படித்தவர்கள் பலருக்கு அது தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதே தெரியாது. இல்லாத புத்தகம் இல்லை என்று கண்ணுக்குத் தெரியாது அல்லவா?

வழி அடைபடும்போது என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 1991-ல் சோவியத் யூனியன் கலைந்தது. மானியம் நின்றது, மாஸ்கோவின் தமிழ்ப் பதிப்பு வேலை முடிந்துபோனது. புத்தகங்களின் தரம் ஒரே இரவில் குறைந்துவிடவில்லை. டால்ஸ்டாய் டால்ஸ்டாயாகத்தான் இருந்தார், வண்டிதான் நின்றது. இந்நாவல்களையும் அறிவியல் நூல்களையும் தமிழ்ப் பதிப்பகங்கள் மெல்ல மெல்ல மறுபதிப்பு செய்தன, செய்துகொண்டிருக்கின்றன. ஆனால் அந்தக் கலவை திரும்பவில்லை. நாவல் ஒரு பதிப்பகத்தில், கணக்கு இன்னொரு இடத்தில், காமிக்ஸ் சந்தாவில்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். 2003-ல் அமேசான் பொறியாளர்கள் மூவர் தங்கள் பரிந்துரை முறையை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார்கள். மிகச் சுருக்கமாகச் சொன்னால்: ஆளை ஆளோடு ஒப்பிடாதே, பொருளைப் பொருளோடு ஒப்பிடு. எந்த இரண்டு பொருட்கள் அடிக்கடி ஒரே ஆளால் வாங்கப்படுகின்றனவோ அவை பக்கத்துப் பக்கத்தில் நிற்கட்டும். வேகமான, எளிய, அழகான வழிமுறை. அதன் பல வாரிசுகள் இன்று நம் கைபேசியில் இருக்கின்றன. நல்ல வேலைதான் செய்கின்றன, குறை சொல்ல நான் யார்?

ஆனால் அதை ரங்கநாதனின் அலமாரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இயந்திரம் முழு நிழலைத் தருகிறது, அரைநிழலையும் தருகிறது. அந்நியத்தைத் தர அதனிடம் காரணமில்லை. காமிக்ஸ் வாங்கியவருக்கு நுண்கணிதம் காட்டினால் அவர் சொடுக்க மாட்டார், சொடுக்காதது பிழையாகக் கணக்கில் ஏறும். வேனுக்கு அந்தக் கணக்கு இல்லை. கடைக்காரருக்கும் இல்லை. அவர்கள் நம்மைப் பற்றி ஒன்றும் அறியாதவர்கள், அதனாலேயே நம்மிடம் எல்லாவற்றையும் நீட்டினார்கள். இன்னொன்றும் உண்டு. ஏற்கெனவே வாங்கப்பட்ட தடம் இருந்தால்தான் இயந்திரத்துக்கு ஒரு நூல் கண்ணில் படும். யாரும் வாங்காத நூலுக்கு வாசகரைத் தேடித் தருவது மூன்றாம் விதி. அதை இந்த முறையால் நிறைவேற்ற முடியாது.

அந்நியத்தை நீட்ட ஆள் வேண்டும், பணமும் வேண்டும். 1931-ல் மாட்டுவண்டியை ஓட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. இன்று நம்மிடம் கிளை நூலகங்கள் இருக்கின்றன, நூலக வரி இன்னும் வசூலாகிறது. அலமாரிகளும் திறந்துதான் இருக்கின்றன. அந்த அலமாரிகளில் காமிக்ஸ் ஏறுகிறதா, தமிழில் நல்ல கணக்குப் புத்தகம் வாங்கி வைக்கப்படுகிறதா, இவற்றோடு அரசியல் நூல்களும் எல்லாத் தரப்பிலிருந்தும் இருக்கின்றனவா என்று நாம் கேட்பது குறைவு. அடுத்த முறை உங்கள் ஊர் நூலகத்துக்குப் போனால் தேடிப் போன பகுதியோடு நின்றுவிடாமல் இரண்டு அலமாரி தள்ளிப் போய்ப் பாருங்கள். அங்கே ஒன்றுமில்லை என்றால், நூலகரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வாசகர் கேட்டார் என்று எழுதிப்போட அவருக்கும் ஒரு காரணம் வேண்டும்.