மல்பெரிப் பசுங்கணிகத்தின் வரலாறு

ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு மூன்றும் சந்திக்கும் மூலையில் இருக்கிறது குப்பம். அதைச் சுற்றியுள்ள செம்மண் நிலத்தில் மல்பெரி இலைக்காகவே பயிராகிறது. திப்பு சுல்தான் 18ஆம் நூற்றாண்டில் மைசூர் நாட்டில் ஊன்றிய பட்டுத் தொழிலோடு ஒட்டிய வட்டாரம் இது. இங்கே மல்பெரியை விதை போட்டு வளர்ப்பது அரிது. விதைக்குச்சி வெட்டி நடுவார்கள். அதனால் ஒரே ரகத்தின் செடிகளெல்லாம் தாய்ச்செடியின் மறுபிறப்பே. உட்கருவின் மரபணுக்கள் மட்டுமல்ல, இலைக்குப் பச்சை தரும் பசுங்கணிகத்தின் மரபணுக்களும் குச்சியோடு சேர்ந்தே வருகின்றன.

பசுங்கணிகத்துக்குத் தனி மரபு உண்டு என்பதை முதலில் காட்டியவற்றுள் ஒன்று நம் வீட்டு முற்றத்து அந்திமந்தாரை. வெள்ளையும் பச்சையுமாகத் திட்டுப் படிந்த இலைகள் கொண்ட செடிகளைக் கலந்து பார்த்த கார்ல் கோரென்ஸ், சந்ததியின் இலை நிறம் தாய்க்கிளையைப் பொறுத்தே அமைகிறது என்று 1909இல் எழுதினார். மகரந்தம் தந்த செடிக்கு அதில் பங்கே இல்லை. அதற்கு முன்பே, 1905இல், ரஷ்யரான மெரெஷ்கோவ்ஸ்கி பசுங்கணிகம் ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த நீலப்பச்சைப் பாசி என்று வாதிட்டிருந்தார். பல பத்தாண்டுகள் அதை ஏற்றவர் குறைவு. 1962இல் ரிஸ், பிளாட் இருவரும் பச்சைப் பாசி ஒன்றின் பசுங்கணிகத்துக்குள் டி.என்.ஏ. இருப்பதைக் கண்டபின் அந்த வாதத்துக்கு உயிர் வந்தது. 1986இல் ஜப்பானிய ஆய்வுக் குழுக்கள் புகையிலையின் பசுங்கணிக மரபணுத்தொகுதியையும், மார்க்கான்ஷியா என்னும் பூவாத தாவரத்தின் தொகுதியையும் முழுமையாகப் படித்து முடித்தன.

மல்பெரியின் முறை 2006இல் வந்தது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் தென்வளாகத்தில் வி. ரவி, ஜே.பி. குரானா, ஏ.கே. தியாகி, பரம்ஜித் குரானா ஆகியோர் எடுத்துக்கொண்டது கே-2 ரகம். கண்வா-2 என்றும் சொல்லப்படும் இது மைசூர் நாட்டு மல்பெரியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு, பின்னாளில் வி-1 என்ற ரகம் வரும்வரை தென்னிந்தியப் பட்டு விவசாயிகளிடம் பெரிதும் புழங்கியது. உழவர் நட்ட ரகமே ஆய்வகத்துக்குப் போனது இந்த ஆய்வின் பெரிய சிறப்பு. டி.என்.ஏ.வை நீண்ட துண்டுகளாகப் பெருக்கியும், சிறு துண்டுகளாகச் சிதறடித்தும் படித்து, பிறகு அவற்றைப் பொருத்தினார்கள். கிடைத்தது 1,58,484 கார இணைகள் கொண்ட வட்டம். அதில் 25,678 இணைகள் கொண்ட பகுதி எதிரெதிர்த் திசையில் இரண்டு முறை வருகிறது. பூக்கும் மரங்களில் பசுங்கணிகத் தொகுதி முழுமையாகப் படிக்கப்பட்ட மூன்றாவது மரம் இது.

தனித்து வாழும் நீலப்பச்சைப் பாசிகளில் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் உண்டு. மல்பெரிப் பசுங்கணிகத்தில் புரதத்துக்கானவை, இரட்டிப்பாக வருபவற்றையும் சேர்த்து, 83தான். மீதியில் பல அழிந்தன. பல உட்கருவுக்குக் குடிபெயர்ந்தன. காற்றின் கரியமிலவாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ இதற்கு நல்ல சாட்சி. இலைப் புரதத்தில் பெரும்பங்கு அதுதான். பட்டுப்புழு உண்டு இழையாக்கும் புரதத்திலும் அதன் பங்கு பெரிது. அதன் பெரிய கூறுக்கான மரபணு இன்னும் பசுங்கணிகத்தில் இருக்கிறது, சிறிய கூறுக்கானது உட்கருவில். 1995இல் படிக்கப்பட்ட போர்ஃபைரா என்னும் சிவப்புப் பாசியிலோ இரண்டும் கணிகத்திலேயே தங்கிவிட்டன. அங்கே 200க்கும் மேற்பட்ட மரபணுக்கள் எஞ்சியுள்ளன. இன்ஃப்-ஏ என்ற மரபணு மல்பெரிப் பசுங்கணிகத்தில் இல்லை. பூக்கும் தாவரங்களில் இது வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே பலமுறை தொலைந்திருக்கிறது.

உறவுமுறை பார்த்தபோது ஒரு முரண் எழுந்தது. மரபணுக்களை மட்டும் ஒப்பிட்டால் மல்பெரி வெள்ளரிக்கும், லோட்டஸ் என்னும் அவரைக் குடும்பச் செடிக்கும் அருகில் நின்றது. மரபணுக்களுக்கு இடைப்பட்ட பகுதிகளையும் சேர்த்தால் யூகலிப்டஸ் முன்னே வந்தது. இரு பகுதிகள் மீதும் இயற்கைத் தேர்வின் அழுத்தம் வேறுவேறாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். இன்றைய தாவர வகைப்பாடு மரபணுக்கள் சொன்ன உறவுக்கே சாதகமாக இருக்கிறது.

மல்பெரி இனங்கள் எளிதில் கலந்துவிடுவதால் அவற்றை வகைப்படுத்துவது நெடுநாள் சிக்கல். குப்பத்துக்கு மேற்கே, ஓசூரில் உள்ள மத்தியப் பட்டு மரபுவள மையம் பல நாட்டு ரகங்களைக் காத்துவருகிறது. பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் பசுங்கணிகம் தாய்வழியாகவே வருவதால், ஒரு ரகத்தின் தாய் எது என்பதை அதன் தொகுதியால் காட்ட முடியும். தகப்பனைக் கண்டறிய உட்கருவைப் படிக்க வேண்டும். மோரஸ் நோட்டாபிலிஸ் என்ற சீன மல்பெரியின் உட்கரு மரபணுத்தொகுதி 2013இல் வெளியானது.