விசெகிராட்: பகையும் தேவையும்

எங்கட குசினியில் போலந்துக்காரரும் ஹங்கேரிக்காரரும் உக்ரைனைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் சட்டி பானை பறக்கும். இத்தனைக்கும் இரண்டும் கூட்டாளி நாடுகள்.

1968இல் சோவியத் படையோடு போலந்து, ஹங்கேரிப் படைகளும் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்தன. அந்த மூன்று நாடுகளும்தான் 1991 பெப்ரவரி 15இல் ஹங்கேரியின் விசெகிராட்டில் கைகோர்த்தன. வலேசா, ஹாவெல், அன்டல் மூவரும் கையெழுத்திட்டது அன்பினால் அல்ல. மொஸ்கோவின் பிடியிலிருந்து விலகி ஐரோப்பாவோடு சேரவேண்டிய தேவையினால்.

1993இல் செக்கும் சுலோவாக்கியாவும் பிரிந்ததால் நால்வரானார்கள். 1999இல் நேட்டோ மூவரைச் சேர்த்தது. சுலோவாக்கியா 2004வரை காத்திருந்தது. அந்த ஆண்டு மே 1இல் நால்வரும் ஒன்றாகவே ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழைந்தார்கள். 2022இல் உக்ரைன் போர் பெருத்ததும் போலந்தும் ஹங்கேரியும் எதிரெதிரே நின்றன.

பழைய பகையை மறக்காமலேயே ஒரு மேசையில் இருக்கலாம் என்பது எனக்குப் பெரிய பாடம். தேவை தீர்ந்த பிறகும் எழும்பாமல் இருப்பதுதான் கஷ்டம்.