ஈயத்தலைத் தூண்டில்

மீன்பிடிப்பில் ஈயத்தின் துணையை மனிதன் நாடியது மிகப் பழைய வழக்கம். துருக்கியின் தென்கரையில் உளுபுருன் என்னுமிடத்தில், கி.மு. 14ஆம் நூற்றாண்டளவில் மூழ்கிய கப்பலொன்றில் வலைக்குரிய ஈயக்குண்டுகள் கிடைத்துள்ளன.

1949இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் நிக் கிரீம் என்பார் மெல்லிய பிளாஸ்டிக்கால் மண்புழுவை ஒத்த பொய்யிரை செய்தார். அது நன்னீர் மீனுக்குரியது. அத்தகைய மென்மையான இரை கடலுக்குச் சென்றபோது, அதனை ஆழத்தில் இறக்க ஈயத்தலை வார்த்த தூண்டில்முள் துணையாயிற்று. அதுவே 'ஜிக்' தலை.

அதன் எடை எவ்வளவு இருத்தல் வேண்டும்? ஆழமும் நீரோட்டமும் காற்றும் மிகுந்தால் எடையும் மிகவேண்டும். ஆயின் கனம் அளவு கடந்தால் இரை கல்லென வீழும். உயிருள்ளது போல் அசையாது. கனம் குறைந்தாலோ நீரோட்டம் அதனை அடித்துச் செல்லும். தரையைத் தொட்டதைக் கை உணர்வதற்கு எத்துணைக் குறைந்த எடை போதுமோ, அதுவே ஏற்றது. ஓதம் விரைந்தோடுகையில் 14 கிராம் வேண்டிய இடத்தில், அது ஓய்ந்தபின் 7 கிராம் போதலாம்.

ஆனால் ஈயம் நஞ்சு. பிரிட்டனின் ஆறுகளில் தூண்டிற்காரர் விட்டுச்சென்ற சிறு குண்டுகளை விழுங்கி அன்னங்கள் மடிந்தன. 1987இல் சுமார் 28 கிராம் வரையிலான ஈயக்குண்டுகளின் விற்பனை அங்கே தடுக்கப்பட்டது. இன்று ஈயத்தினும் அடர்ந்த டங்ஸ்டனிலும் தலைகள் செய்யப்படுகின்றன. எனவே, எடையைத் தேர்வோர் கிராமை மட்டுமன்றி உலோகத்தையும் எண்ணுதல் கடன்.