ஒரு நாள் ஓட்டு, ஏழே முக்கால் வருஷக் காத்திருப்பு



'பெரிது எது? முடிவெடுப்பதா, முடிவை நிறைவேற்றுவதா?' இதுதான் தலைப்பு. எதிரணித் தம்பி பேசும்போது, "ஓட்டுப் போட்டாச்சுன்னா பாதி வேலை முடிஞ்சது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தம்பி, அந்த மீதிப் பாதியிலே ஒரு ஊரே எத்தனை வருஷம் நின்றது தெரியுமா?

இங்கிலாந்தைச் சொல்லப்போகிறேன் என்று நினைப்பீர்கள். 2016 ஜூன் 23-இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதா, இருப்பதா என்று ஓட்டுப் போட்டார்கள். நூற்றுக்கு 52 பேர் விலகு என்றார்கள், 48 பேர் இரு என்றார்கள். விலகியதோ 2020 ஜனவரி 31. மூன்று பிரதமர்கள் மாறிவிட்டார்கள். உலகமே அதை வேடிக்கை பார்த்தது. அது மூன்றரை வருஷக் கதை. நான் சொல்லப்போவது அதைவிட நீளம். நம்ம வீட்டுக் கொல்லையில் நடந்தது. காரைக்காலில்!

பழைய தஞ்சாவூர் ஜில்லாவின் படத்தை மனசில் விரித்துப் பாருங்கள். காரைக்காலுக்கு மூன்று பக்கமும் நம்ம ஜில்லா. ஒரு பக்கம் கடல். நடுவிலே பிரெஞ்சுக்காரன்! தஞ்சை மராத்திய மன்னரிடமிருந்து 1739-இல் அவன் கைக்குப் போன ஊர். கும்பகோணத்தைத் தொட்டுக்கொண்டு வருகிற அரசலாறு அங்கேதான் கடலில் விழுகிறது. இந்தப் பக்கமும் அதே காவிரித் தண்ணீர், அந்தப் பக்கமும் அதே காவிரித் தண்ணீர். இங்கேயும் சம்பா, அங்கேயும் சம்பா. பெண் கொடுத்தவர்கள், எடுத்தவர்கள் எல்லாம் ஒரே ஜனங்கள். கொடி மட்டும் வேறே. இந்தியா 1947-இல் விடுதலை அடைந்தபோது, காரைக்கால் 'பிரெஞ்சு யூனியன்' என்ற கூட்டமைப்பில் ஒரு துண்டு.

1948 ஜூனில் இரண்டு சர்க்காரும் ஒப்புக்கொண்டன. "இருக்கிறதா, போகிறதா, மக்களே சொல்லட்டும்." வங்காளத்துச் சந்திரநாகூர் 1949 ஜூன் 19-ஆம் தேதி ஓட்டுப் போட்டது. இந்தியாவுக்கு 7,473, பிரான்சுக்கு 114. அங்கேகூடச் சட்டப்படி கை மாற 1952 ஜூன் ஆயிற்று. இங்கே தெற்கே? மக்கள் வாக்கெடுப்பு வரும் வரும் என்றார்கள், வரவே இல்லை. அதற்குள் 1949 ஏப்ரலில் சுங்க ஒப்பந்தம் முடிந்து, எல்லையில் சோதனை வந்துவிட்டது. தஞ்சாவூர்க்காரர் திருநள்ளாற்றுக்குப் போய் ஒரு எள் விளக்குப் போட்டுவிட்டு வரவேண்டும் என்றாலும் சுங்கச்சாவடியைத் தாண்டவேண்டும்!

பிறகு 1954 மார்ச்சில் காற்று திரும்பியது. அதுவரை பிரெஞ்சுக்காரருக்குத் தூணாக நின்ற எதுவார் குபேரே இந்தியாவின் பக்கம் வந்தார். கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா முதலானவர்கள் ஏற்கெனவே போராடிக்கொண்டிருந்தார்கள். மக்களின் சம்மதம் இல்லாமல் மண்ணைக் கொடுக்கக்கூடாது என்று பிரெஞ்சு அரசியல் சட்டத்திலே ஒரு விதி. அதற்காக அக்டோபர் 18-ஆம் தேதி புதுச்சேரிப் பக்கம் கீழூரில் கூடினார்கள். ஓட்டுப் போட்டது யார்? மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் 178 பேர். 170 பேர் இந்தியா என்றார்கள். 8 பேர் வேண்டாம் என்றார்கள். அந்த எட்டுப் பேரை நான் குறை சொல்லமாட்டேன், ஓட்டு என்றால் அதுதானே! ஆனால் ஒன்று சொல்லவேண்டும். வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த நெடுங்காடு விவசாயி கையில் சீட்டே கொடுக்கவில்லை. முடிவு நல்ல முடிவுதான். கேட்ட விதம் எனக்கு நிறைவாக இல்லை.

நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. பட்டாசு, ஊர்வலம், மாலை! தம்பி சொன்ன 'பாதி' அத்தோடு முடிந்தது. மீதி? 1956 மே 28-இல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்கவேண்டுமே! அவர்களுக்கு அப்போது அல்ஜீரியாவிலே போர். ஓரிடத்தில் விட்டால் இன்னோரிடத்தில் கேட்பானே என்கிற தயக்கம். அல்ஜீரியா விடுதலை அடைந்த 1962-இல்தான் இதற்கும் வழி பிறந்தது. சட்டப்படி கை மாறியது 1962 ஆகஸ்ட் 16.

கணக்குப் போடுங்கள். 1954 நவம்பரிலிருந்து 1962 ஆகஸ்ட் வரை ஏழே முக்கால் வருஷம்! சனீஸ்வரன் கோயிலைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, ஏழரைச் சனியைவிடக் கால் வருஷம் கூடுதலாக அனுபவித்த ஜனங்கள் காரைக்கால்காரர்கள்தான்! (சிரிப்பு, கைதட்டல்)

சிரித்துவிட்டோம். அந்த வருஷங்களில் ஒரு குடும்பம் எப்படி இருந்திருக்கும்? கச்சேரியில் பறப்பது இந்தியக் கொடி. சட்டம் கேட்டால் நீ பிரெஞ்சுப் பிரஜை. 1957-இலும் 1962-இலும் நாடு முழுக்கப் பொதுத்தேர்தல். நாகூரில் பெட்டி வைத்தார்கள், பக்கத்தில் காரைக்காலில் வைக்கவில்லை. இந்தோசீனாவரை போய்ப் பிரான்சுக்காகத் துப்பாக்கி தூக்கிய 'சொல்தா'க்களின் வீடுகள் அங்கே உண்டு. பென்ஷன் பாரீஸிலிருந்து வரவேண்டும். அவர் எந்த நாட்டுக்காரர் என்று பேரன் கேட்டால் என்ன சொல்வார்?

1962-இல் அதையும் கேட்டார்கள். அந்த மண்ணில் பிறந்து அங்கேயே குடியிருந்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். வேண்டாம், பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும் என்பவர்கள் ஆறு மாசத்துக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும். இதிலே ஒரு விதி என்னை உலுக்கியது. பதினெட்டு வயதுக்குள் இருக்கிற, கல்யாணமாகாத பிள்ளைகளுக்கு அப்பா எடுப்பதுதான் முடிவு. அப்பா இல்லாவிட்டால் அம்மா. பம்பரம் விட்டுக்கொண்டிருக்கிற பையன் எந்த தேசத்துக்காரன் என்று அப்பாவின் ஒரு கையெழுத்து தீர்மானிக்கிறது! ஒரே தெருவில் அண்ணன் பிரெஞ்சுக் குடிமகன், தம்பி இந்தியக் குடிமகன் என்று ஆக இடம் கொடுத்த விதி அது. கீழூரில் அந்த 178 பேருக்கு இருந்தது ஒரு நாள் யோசனை. இந்த அப்பாவுக்கு அடுத்த பிப்ரவரி வரை தூக்கம் வந்திருக்குமா? நீங்களே சொல்லுங்கள்.

அதோடும் முடியவில்லை. மக்கள் விருப்பத்தைக் கேட்காமல் இந்த ஊர்களின் தனி அமைப்பை மாற்றக்கூடாது என்று அந்த ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. 1979 ஜனவரியில் மத்திய சர்க்கார், பக்கத்து மாநிலங்களோடு இவற்றைச் சேர்த்துவிடலாம் என்று பேச ஆரம்பித்தது. ஊர் கொந்தளித்தது. துப்பாக்கிச்சூடு வரை போனது. யோசனையைக் கைவிட்டார்கள்.

இன்றைக்கும் அங்கே இரண்டு நாள் விழா. நவம்பர் 1 ஒன்று, ஆகஸ்ட் 16 ஒன்று. எதிரணித் தம்பி முதல் விழாவுக்கு மட்டும் போய்விட்டு வந்து பேசுகிறார். நடுவர் மணியில் கை வைத்துவிட்டார்.