ஒட்டுப்பாட்டு: கலையா, களவா?



பாட்டுக் கேட்பவர்களில் இரண்டு வகையினர் உண்டு. ஊரே கேட்கும் பாட்டைத் தாமும் கேட்டு மகிழ்பவர்கள் ஒரு வகை. ஊரே ஒதுக்கிய பாட்டைத் தேடிப் பிடித்து, "இதைக் கேட்டீர்களா?" என்று நண்பர்களை உட்கார வைத்துவிடுபவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகை இரசிகர்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

மேற்கத்திய நாடுகளில் இவர்கள் இரண்டு காரியங்களைச் செய்து வந்திருக்கிறார்கள். ஒன்று, விசித்திரமான பாட்டுகளைச் சேர்த்து வைப்பது. மற்றொன்று, இரண்டு பாட்டுகளை வெட்டி ஒன்றாக ஒட்டுவது. இதை ஆங்கிலத்தில் 'மேஷ்-அப்' என்கிறார்கள். நாம் 'ஒட்டுப்பாட்டு' என்று சொல்லிக்கொள்வோம். ஒரு மாமரத்தின் கிளையை இன்னொரு கன்றில் ஒட்டுக் கட்டுகிறோம் அல்லவா? அதுபோல ஒரு பாடகரின் குரலை எடுத்து வேறொரு பாட்டின் வாத்திய இசைமேல் பொருத்துவதுதான் ஒட்டுப்பாட்டு.

ஒட்டு மாங்கனி இனிக்கும். அதில் சந்தேகமில்லை. ஆனால் கிளை யாருடைய தோட்டத்தில் வெட்டியது? கேட்டு வெட்டினார்களா, கேட்காமல் வெட்டினார்களா? கலையா, களவா என்ற வழக்கு இங்கேதான் தொடங்குகிறது.

பறக்கும் தட்டும் நீதிமன்றமும்

இந்த வழக்குக்கு வயது ஏறத்தாழ எழுபது. 1956-இல் அமெரிக்காவில் பில் புக்கானன், டிக்கி குட்மன் என்ற இருவர் 'தி பிளையிங் சாசர்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார்கள். வேற்றுக்கிரகவாசிகள் பறக்கும் தட்டில் வந்து இறங்குவதாக ஒரு பொய்யான வானொலிச் செய்தி அது. செய்தியாளர் கேள்வி கேட்பார். பதிலாக அந்தக் காலத்துப் பிரபலப் பாட்டுகளிலிருந்து வெட்டிய ஒரு துண்டு ஒலிக்கும். கேள்வி ஒன்று, பதில் ஒன்று. வயிறு குலுங்கச் சிரிக்கலாம்.

அந்தத் தட்டு பில்போர்ட் தரவரிசையில் 3-ஆம் இடம் வரை சென்றது. பாட்டுகளின் உரிமையாளர்கள் சும்மா இருப்பார்களா? வழக்குத் தொடுத்தார்கள். ஆனால் விற்பனையைத் தடை செய்ய நீதிமன்றம் மறுத்துவிட்டது. இருவரும் தங்கள் மீதான வழக்கையே பொருளாக வைத்து அதே ஆண்டில் இன்னொரு தட்டையும் வெளியிட்டார்கள். குட்மன் அந்தத் தொழிலை விடவில்லை. 1975-இல் சுறாமீன் படமான 'ஜாஸ்' வந்தபோது, 'மிஸ்டர் ஜாஸ்' என்ற தட்டை அதே முறையில் செய்து 4-ஆம் இடத்தைப் பிடித்தார்.

சிரிப்பும் நேசமும்

விசித்திரப் பாட்டுகளுக்கு ஒரு காவலர் இருந்தார். பேரட் ஹான்சன் என்பது அவர் பெயர். 'டாக்டர் டிமென்டோ' என்று சொன்னால்தான் அமெரிக்க வானொலி நேயர்களுக்குத் தெரியும். நாட்டுப்புற இசையில் முதுகலை படித்தவர். 1970-இல் கலிபோர்னியாவின் ஒரு சிறிய நிலையத்தில் தொடங்கிய அவருடைய நிகழ்ச்சி, அவர் ஓய்வுபெற்ற 2025 வரை நீடித்தது. மற்ற நிலையங்கள் ஒலிபரப்பாத வேடிக்கைப் பாட்டுகளுக்கு அது தாய்வீடு. 1976-இல் பள்ளி மாணவர் ஒருவர் தம் பாட்டை ஒலிநாடாவில் பதிந்து அவருக்கு அனுப்பினார். அவர்தான் பிற்காலத்தில் கேலிப்பாட்டு மன்னரான 'வியர்ட் அல்' யாங்கோவிக்.

விசித்திரப் பாட்டு என்றால் எப்படி இருக்கும்? 1966-இல் 'நெப்போலியன் 14' என்ற பெயரில் ஓர் ஒலிப்பதிவாளர் வெளியிட்ட பாட்டைச் சொல்லலாம். தாளமும் கைதட்டலுமே பெரும்பாலும் பின்னணி. மனநிலை தவறியவன் ஒருவனின் புலம்பல்தான் பாட்டு. அதன் மறுபக்கத்தில் இருந்தது அதே பாட்டு, பின்னாலிருந்து முன்னாக! அதுவும் 3-ஆம் இடத்துக்கு ஏறியது. நோயாளிகளைக் கேலி செய்வதாக எதிர்ப்பு எழுந்ததும் பல வானொலி நிலையங்கள் அதை நிறுத்திவிட்டன. எதைக் கேட்டுச் சிரிக்கிறோம், யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்ற கேள்வி அப்போதே வந்துவிட்டது.

அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக எழுவது 'ஷாக்ஸ்' சகோதரிகளின் கதையில்தான். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பிரீமாண்ட் என்ற சிற்றூர். அங்கே ஆஸ்டின் விக்கின் என்ற தகப்பனார். அவருடைய தாயார் கைரேகை பார்த்து, "உன் பெண்கள் இசைக்குழு நடத்திப் பேர் வாங்குவார்கள்" என்று சொல்லியிருந்தாராம். தகப்பனார் அதை அப்படியே நம்பினார். மூன்று மகள்களைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார். கித்தாரும் முரசும் வாங்கிக் கொடுத்தார். 1969-இல் அவர்கள் பாடிய இசைத்தட்டு பதிவானது. குரல் ஒரு பக்கம் போகும், கித்தார் ஒரு பக்கம் போகும், தாளம் இரண்டையும் கண்டுகொள்ளாது. கேட்டவர்கள் சிரித்தார்கள். 1975-இல் தகப்பனார் காலமானார். குழுவும் கலைந்தது.

கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் விசித்திரப் பாட்டு இரசிகர்கள் அந்தத் தட்டைக் கைமாற்றிக் கைமாற்றிக் காப்பாற்றினார்கள். 1980-இல் அது மறுவெளியீடு கண்டது. 2011-இல் நியூயார்க்கில் அந்தப் பெண்களின் வாழ்க்கை இசை நாடகமாக மேடையேறியது. முதலில் சிரித்த காதுகளுக்கு, பிடிக்காத வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு உண்மையாகப் பாட முயன்ற மூன்று பெண்களின் குரல் கேட்கத் தொடங்கியது.

கனடாவில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 1976, 1977-ஆம் ஆண்டுகளில் லாங்லி என்ற ஊரில் ஹான்ஸ் பெங்கர் என்ற இசையாசிரியர், பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் பிள்ளைகளைப் பாட வைத்துப் பதிவு செய்தார். பாடியவை அந்தக் காலத்துப் பிரபலப் பாட்டுகள். பெற்றோருக்குக் கொடுக்கச் சில நூறு தட்டுகள் அச்சாயின. அத்தோடு மறந்தும் போயின. ஏறத்தாழ இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு தட்டு பழைய பொருள் கடையில் ஓர் இரசிகர் கண்ணில் பட்டது. 2001-இல் அது குறுந்தட்டாக வெளிவந்து உலகெங்கும் பாராட்டுப் பெற்றது. தம்முடைய பாட்டைப் பிள்ளைகள் பாடியிருந்த விதத்தை டேவிட் போவியே புகழ்ந்தார். அந்த இரசிகர் குனிந்து அந்தத் தட்டை எடுக்காதிருந்தால்?

சுருதி மாதா, லயம் பிதா

இனி ஒட்டுப்பாட்டின் தொழில்நுட்பத்தைப் பார்ப்போம். 'சுருதி மாதா, லயம் பிதா' என்பார்கள் நம் பெரியவர்கள். ஒட்டுப்பாட்டுக்கும் அதுதான் இலக்கணம். இரண்டு பாட்டின் சுருதியும் சேர வேண்டும், தாளத்தின் வேகமும் சேர வேண்டும். ஒன்று தவறினாலும் காது கூசும்.

முன்பு இது பெரிய ஒலிப்பதிவுக் கூடத்தில்தான் முடியும். 1990-களின் இறுதியில் நிலைமை மாறியது. சுருதியைக் கெடுக்காமல் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல மென்பொருள்கள் வீட்டுக் கணினிக்கு வந்தன. 1999-இல் நாப்ஸ்டர் வந்து பாட்டுகள் இணையத்தில் கைமாறத் தொடங்கின. நடன அரங்குகளுக்காக வெளியிட்ட தட்டுகளில், வாத்தியமில்லாத வெறும் குரல் பதிவுகளும் கிடைத்தன. படுக்கையறையே ஒலிப்பதிவுக் கூடமானது.

2001-இல் இங்கிலாந்தில் 'பிரீலான்ஸ் ஹெல்ரெய்சர்' என்ற பெயரில் ஒருவர், கிறிஸ்டினா அகுலேராவின் குரலை 'ஸ்ட்ரோக்ஸ்' என்ற ராக் குழுவின் இசைமேல் வைத்தார். இனிப்புப் பாட்டும் கரடுமுரடான கித்தாரும் ஒன்றுக்காகவே மற்றொன்று பிறந்ததுபோல் பொருந்தின. அதே காலத்தில் ரிச்சர்ட் எக்ஸ் என்பவர், அடினா ஹோவர்டின் 1995-ஆம் ஆண்டுப் பாட்டின் குரலை, கேரி நியூமன் குழுவின் 1979-ஆம் ஆண்டு மின்னிசைமேல் ஒட்டினார். குரலுக்கு அனுமதி கிடைக்கவில்லை. எனவே 'சுகாபேப்ஸ்' என்ற பெண்கள் குழு அதைப் புதிதாகப் பாடியது. 2002-இல் அது பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அனுமதி கேட்டு, முறைப்படி செய்தாலும் ஒட்டுப்பாட்டு வெல்லும் என்பதற்கு இதுவே சான்று.

187 பாட்டுகள், 865 மின்னஞ்சல்கள்

அப்படியானால் எல்லாரும் அனுமதி கேட்டே செய்யலாமே என்று நீங்கள் கேட்கலாம். கேட்டுப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். பெல்ஜியத்தைச் சேர்ந்த டெவாலே சகோதரர்கள் '2 மெனி டிஜேஸ்' என்ற பெயரில் 2002-இல் ஒரு குறுந்தட்டு வெளியிட்டார்கள். அதற்காக 865 மின்னஞ்சல்களும் 160 தொலைநகல்களும் அனுப்பியதாக அவர்களே கணக்குக் கொடுத்தார்கள். கேட்ட 187 பாட்டுகளில் 114-க்கு அனுமதி கிடைத்தது. 62-க்கு மறுப்பு. 11 பாட்டுகளின் உரிமையாளரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

அந்தப் பதினொன்றைக் கவனியுங்கள். உரிமை இருக்கிறது, உரியவரைக் காணோம். சட்டம் காவல் நிற்கிறது, உள்ளே யாரும் இல்லை.

சாம்பல் நிறத் தட்டு

2004 பெப்ரவரியில் வழக்கு உச்சத்துக்குப் போனது. 'டேஞ்சர் மவுஸ்' என்ற பிரையன் பர்ட்டன், ஜே-சியின் 'கறுப்பு' இசைத்தொகுப்பிலிருந்து குரலையும், பீட்டில்ஸ் குழுவின் 1968-ஆம் ஆண்டு 'வெள்ளை' இசைத்தொகுப்பிலிருந்து இசையையும் எடுத்து ஒட்டினார். கறுப்பும் வெள்ளையும் சேர்ந்தால் சாம்பல். 'தி கிரே ஆல்பம்' என்று பெயர் வைத்தார். சுமார் 3,000 பிரதிகள்தான். பீட்டில்ஸ் பதிவுகளை வைத்திருந்த இஎம்ஐ நிறுவனம் உடனே நிறுத்தச் சொல்லி வழக்கறிஞர் கடிதம் அனுப்பியது.

இரசிகர்கள் கொதித்தார்கள். பெப்ரவரி 24-ஆம் நாளைச் 'சாம்பல் செவ்வாய்' என்று அறிவித்து, நூற்றுக்கும் மேற்பட்ட இணையத்தளங்கள் அந்தப் பாட்டுகளை இலவசமாகக் கொடுத்தன. தடுக்கப் போய், உலகத்துக்கே தெரியவைத்ததாக முடிந்தது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 2005-இல் கொரில்லாஸ் குழுவின் 'டீமன் டேஸ்' தொகுப்பைத் தயாரித்தவர் அதே டேஞ்சர் மவுஸ். அதை வெளியிட்டது இஎம்ஐயின் கிளை நிறுவனம்! 2006-இல் பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் அவர் மகனும் பீட்டில்ஸ் பாட்டுகளையே வெட்டி ஒட்டி 'லவ்' என்ற தொகுப்பை முறைப்படி வெளியிட்டார்கள். ஒரு பாட்டின் குரல் இன்னொரு பாட்டின் தாளத்தில் ஓடியது. அதற்குக் கிராமி விருதும் கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில் களவு கலையாகிவிட்டது. வேறுபாடு என்ன? செய்தவர் யார் என்பதும், அனுமதி இருந்ததா என்பதும்தான்.

நம் பாட்டும் அங்கே

இது மேற்கத்தியர் விவகாரம், நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. 2003-இல் 'பிளாக் ஐட் பீஸ்' குழு தன் 'எலிஃபங்க்' தொகுப்பில் இளையராஜாவின் இசையை எடுத்தாண்டது. அது 1985-இல் வந்த 'ஸ்ரீ ராகவேந்திரர்' படப்பாட்டு. 2007-இல் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த எம்.ஐ.ஏ, 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' பாட்டின் இசையைத் தம் பாட்டில் சேர்த்தார்.

அதே 2007-இல் இன்னொன்றும் நடந்தது. 'பெண்ணின் மனதைத் தொட்டு' படத்தில் பிரபுதேவா ஆடும் 'கல்லூரி வானில்' பாட்டுக்கு, தமிழ் தெரியாத ஓர் அமெரிக்கர், தம் காதில் விழுந்தபடி ஆங்கிலச் சொற்களை எழுதி இணையத்தில் போட்டார். 'பென்னி லாவா' என்று அது உலகம் சுற்றியது. நம் பாட்டு அவர்களுக்கு விசித்திரப் பாட்டானது. நமக்குச் சற்று உறுத்துகிறது அல்லவா? ஷாக்ஸ் சகோதரிகளுக்கும் அப்படித்தான் உறுத்தியிருக்கும். சிரித்துவிட்டுப் போகிறவர் வேறு. சிரித்த பிறகு இது என்ன மொழி, யார் இசை, யார் குரல் என்று தேடுகிறவர் வேறு. தேடுகிறவரையே நான் இரசிகர் என்பேன்.

பெயர் சொல்லி ஒட்டுவோம்

இப்போது வேலை இன்னும் எளிதாகிவிட்டது. எந்தப் பாட்டிலிருந்தும் குரலைத் தனியே பிரிக்கும் மென்பொருளை 2019-இல் ஒரு பிரெஞ்சு நிறுவனம் இலவசமாகவே கொடுத்தது. 2023-இல் பழைய ஒலிநாடாவிலிருந்து ஜான் லெனனின் குரலைக் கணினி பிரித்தெடுக்க, பீட்டில்ஸின் 'நவ் அண்ட் தென்' பாட்டு வெளிவந்து பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. கத்தி எல்லார் கையிலும் வந்துவிட்டது.

எனவே என் தீர்ப்பு இது. ஆசைக்காக ஒட்டுகிறவர், எடுத்த பாட்டின் பெயரையும் பாடியவர் பெயரையும் இசையமைத்தவர் பெயரையும் மறைக்காமல் சொல்லட்டும். காசு வாங்கினால் உரியவருக்குப் பங்கு கொடுக்கட்டும். உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களும், கேட்கிறவருக்குப் பதில் சொல்லும் வழியை எளிதாக்கட்டும். பெயர் சொல்லி, உரியதைக் கொடுத்து ஒட்டினால் கலை. பெயரை மறைத்து ஒட்டினால் களவு.

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய இசைத்தட்டோ, ஒலிநாடாவோ இருக்கலாம். யாரோ உள்ளூர்க்காரர் பாடியது, கடையில் கிடைக்காதது, கேட்டால் சிரிப்பு வருவது. தூக்கிப் போடுவதற்கு முன் ஒருமுறை கேளுங்கள். பாடியவர் பெயரையும் ஆண்டையும் ஒரு தாளில் எழுதி உறைக்குள் வையுங்கள். லாங்லி பிள்ளைகளின் பாட்டு பிழைத்தது அப்படி ஒருவர் கண்ணில் பட்டதால்தான்.