சதவிகிதம் சரி, எதன் மீது?

இட ஒதுக்கீடு என்றதும் நம்மில் பெரும்பாலோர் சதவிகிதத்தைப் பற்றியே விவாதிக்கிறோம். பல்கலைக்கழக ஆசிரியர் நியமன வழக்குகளை ஆர்வத்துடன் படித்து வருகிற எனக்கு, அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு என்று தோன்றுகிறது. சதவிகிதத்தை எதன் மீது கணக்கிடுவது? முழுப் பல்கலைக்கழகத்தின் மீதா, ஒவ்வொரு துறையின் மீதா?

இந்தச் சர்ச்சை புதிதல்ல. நாக்பூர் பல்கலைக்கழகம் தன் விளம்பரத்தில் எந்தப் பாடத்தில் எந்த இடம் ஒதுக்கப்பட்டது என்று தெரிவிக்கவில்லை. அதனால் அந்த நியமனங்கள் செல்லாது என்று 1990-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1998-ல், சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி நிலைய வழக்கில், ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஒரே ஒரு பதவி இருக்குமிடத்தில் சுழற்சி முறையிலும் ஒதுக்கீடு கூடாது என்றது.

2006-ல் பல்கலைக்கழக மானியக் குழு, முழுப் பல்கலைக்கழகத்தையும் ஓர் அலகாகக் கொள்ளும்படி வழிகாட்டுதல் வெளியிட்டது. இருநூறு புள்ளி ரோஸ்டர் என்பது இதுதான். பனாரஸ் ஹிந்து பல்கலைக்கழக விளம்பரம் தொடர்பான வழக்கில், 2017 ஏப்ரலில் அலகாபாத் உயர் நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. சரித்திரப் பேராசிரியரும் பௌதிகப் பேராசிரியரும் ஒரே பதவிக்குப் போட்டியிடுவதில்லை. எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு துறையில் எல்லா இடமும் ஒதுக்கப்படலாம், இன்னொன்றில் ஒன்றுமே ஒதுக்கப்படாமல் போகலாம் என்பது அதன் வாதம். இதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். இதர பிற்பட்டோருக்கு 27 சதவிகிதம் என்றால், அவர்கள் முறை 4-ஆவது இடத்தில் வரும். 15 சதவிகிதம் பெறும் பட்டியல் வகுப்பினருக்கு 7-ஆவது இடம். 7.5 சதவிகிதம் பெறும் பழங்குடியினருக்கு 14-ஆவது. ஒரு பல்கலைக்கழகத்தில் 20 துறைகள், துறைக்கு 6 உதவிப் பேராசிரியர்கள், ஆக 120 பதவிகள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தமாகக் கணக்கிட்டால் பட்டியல் வகுப்பினருக்கு 18, பழங்குடியினருக்கு 9. துறைவாரியாகக் கணக்கிட்டால், முதல் நியமனத்தில் இரு பிரிவினருக்கும் பூஜ்யம். ஒரு துறையில் பழங்குடியினரின் முறை வர, எட்டு முறை அங்கே இடம் காலியாகி நிரப்பப்பட வேண்டும். அதற்குள் ஒரு தலைமுறையே கடந்துவிடும்.

2018 மார்ச்சில் மானியக் குழு துறைவாரி முறைக்கு மாறியது. எதிர்ப்புக் கிளம்பியதால், மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோது நியமனங்கள் நிறுத்தப்பட்டன. 2019 ஜனவரி 22-ல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. மார்ச்சில் அவசரச் சட்டமும், ஜூலையில் பாராளுமன்றச் சட்டமும் வந்து, மத்தியக் கல்வி நிறுவனங்களில் நேரடி நியமனத்துக்கு முழு நிறுவனமே அலகு என்று ஏற்பட்டது. சட்டத்தின் அட்டவணையில் உள்ள உயர் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் சிறுபான்மை நிறுவனங்களுக்கும் இது பொருந்தாது.

சதவிகிதத்தில் ஒரு புள்ளிகூட மாறாமலே, பல நூறு பேரின் வாழ்க்கை இவ்விதம் இங்கும் அங்கும் ஆடியது. எந்தப் பிரிவினராயினும், விண்ணப்பித்துக் காத்திருந்த இளைஞர்களுக்கு வயதுதான் ஏறியது. ஆகவே நம் அங்கத்தினர்கள் இனி இது பற்றி விவாதிக்கையில், முதலில் "எதன் மீது?" என்று கேட்க வேண்டும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.